தடைக்குள்ள வச்சிக்கலாம்

எங்கள் பிளாக்கில் வந்து அன்புமணி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. டேங்கர் அன்பு என்று கேட்டால் வியாசர்பாடி ஆட்டோ ஸ்டாண்டிலேயே வழி சொல்லிவிடுவார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் இருக்கும் ஒரு டீசல் பங்க்குக்கு லோடு அடிக்கும் லாரி அவருடையது. அவருடையது என்றால் அவர் ஓட்டுவது. ஆர்.சி. புத்தகத்தில் பங்க் முதலாளி மேத்யூவின் பெயர் இருக்கிறது. மேத்யூ அந்த லாரியின் ஸ்டியரிங்கைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவரைத்தான் முதலாளி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் எதிர் வீட்டுக்காரன். எனக்குப் பிடிக்காத விஷயங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.

வேலை சுலபமானது. வள்ளூர்ப் பக்கத்து டெர்மினலில் டீசலை ஏற்றிக்கொண்டு வந்து காசிமேட்டில் இறக்க வேண்டும். தூரம் பார்த்தால் ஒரு டவுன் பஸ் டிக்கெட். நடுவில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். அவற்றுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் மனிதனுக்குப் பொறுமை வரும் என்பார்கள். அன்புமணிக்கு மூலம் வந்தது. எஞ்சின் சத்தத்தில் ஒரு காது மந்தமாகி, போனில் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார். அதனால் அவர் வீட்டு விஷயம் எதையும் நான் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியம் ஏற்பட்டதில்லை.

இந்த வேலைக்கென்று தனியாக ஒரு பஞ்சாங்கம் உண்டு. விசைப்படகு கடலுக்குப் போனால் டீசல் வேண்டும், போகாவிட்டால் வேண்டாம். புரட்டாசியில் சென்னைக்காரர்கள் கவிச்சியை விட்டுவிடுவார்கள். மீன் விலை இறங்கும், படகுகள் பாதி கரையிலேயே கிடக்கும், அன்புமணிக்கு நாளுக்கு ஒரு லோடுகூடத் தேறாது. ஊருக்குப் பக்தி ஏறினால் டீசல் இறங்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஐப்பசியில் மறுபடி சூடு பிடிக்கும். அப்புறம் புயல் கூண்டு ஏற்றுவார்கள், படகெல்லாம் கட்டிப் போட்டிருக்கும். கூண்டை இறக்கிய மறுநாள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டீசல் வேண்டும். மழைத்தண்ணீர் நிற்கும் ரோட்டில், பள்ளம் எது ரோடு எது என்று தெரியாமல், டேங்கரை உருட்டிக்கொண்டு வர வேண்டும். கார்த்திகை, மார்கழியில் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார்கள், மறுபடி மந்தம். பொங்கலுக்கு மறுபடி ஓட்டம். தீபாவளி, பொங்கல் இரண்டுக்கும் எங்கள் பிளாக்கில் யார் எங்கே இருப்பார்கள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அன்புமணி எங்கே இருப்பார் என்று சொல்லிவிடலாம்.

இவற்றையெல்லாம் விடப் பெரியது தடைக்காலம். சித்திரை பிறந்த கையோடு, மீன் குஞ்சு பொரிக்கும் சமயம் என்று அரசாங்கம் விசைப்படகுகளை நிறுத்திவிடும். சித்திரையும் வைகாசியும் முழுசாகப் போய், ஆனி பிறக்கும்போதுதான் கடல் திறக்கும். காசிமேட்டில் ஒரேயடியாக டீசல் நிற்பது இரண்டே காரணத்துக்குத்தான். ஒன்று தடை. இன்னொன்று சாவு. கடலுக்குப் போனவன் யாராவது திரும்பி வராவிட்டால் அன்றைக்கு எந்தப் படகும் கயிறு அவிழ்க்காது, யாரும் கேனைத் தூக்கிக்கொண்டு பங்க் பக்கம் வரமாட்டார்கள். மீனவர் சங்கத்தில் சொல்லக்கூட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் அன்புமணி டேங்கரை வெளியில் ஓரம்கட்டிவிட்டு, செத்தது யார் என்று முதலில் கேட்பார். பெரும்பாலும் தெரிந்தவனாகத்தான் இருக்கும்.

தடைக்காலத்தில் லாரி பெயின்ட் அடிக்கவும் டேங்க்கை அளந்து முத்திரை வாங்கவும் ஷெட்டுக்குப் போய்விடும். அன்புமணி வீட்டுக்கு வருவார். முதல் வாரம் முழுக்கத் தூங்குவார். அடுத்த வாரம் எழுந்து, வீட்டில் கெட்டுப்போகாத மிக்ஸி, மின்விசிறி எல்லாவற்றையும் பழுது பார்ப்பார். பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கும் அவர் மனைவி எழில்மொழிக்கும் அப்போதுதான் லீவு. "வருசத்துல ரெண்டு மாசம் எனுக்குப் புருசன் கீறாரு" என்று அந்த அம்மா சொல்வது பெருமையா புகாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்களுடைய ஒரே மகள் யசோதரா பிறந்தது மாசியில். துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் பள்ளிக்கூடங்களில் பாதிப் பிள்ளைகள் தை, மாசியில் பிறந்தவர்கள்தான். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

அவர்கள் பௌத்தக் குடும்பம். புத்தர் வைகாசிப் பௌர்ணமியில் பிறந்ததை அன்புமணி தனக்குச் செய்த தனிப்பட்ட உதவியாக எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு பண்டிகைக்குத்தான் அவர் வீட்டில் இருப்பார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விகாரைக்குப் போய், பாயசம் ஊற்றும் வேலையை வேறு யாருக்கும் விடமாட்டார். ஊற்றும்போதும் அண்டாவுக்குள் கரண்டிக் காம்பை விட்டு எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார். டீசல் டேங்க்கில் அளவுக்கோல் விட்டுப் பார்த்த கை.

யசோதரா திருவொற்றியூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்குத் தட்டில் சோறு போட்டுவிட்டு, கூட வேலை பார்க்கும் நிதிஷ் என்கிற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

"அவங்க நைனா இன்னா பண்றாரு?" என்று அன்புமணி கேட்டார்.

"உன்ன மாதிரிதாம்பா. டிரைவரு."

"இன்னா வண்டி?"

"போட்டு."

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவரையும் டிரைவர் என்றுதான் சொல்வார்கள். ஆக, பையன் மீனவ வீட்டுப் பையன். அன்புமணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் கொண்டுபோகும் டீசலில்தான் அந்தப் படகு ஓடுகிறது என்பது அவருக்குத் தோன்றியிருக்கும். வியாசர்பாடி, அதிலும் பௌத்தக் குடும்பம் என்றால் என்ன சாதி என்பதைக் காசிமேட்டில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதும் தோன்றியிருக்கும். "சோறு போடு" என்றார்.

மாசியில் பையன் வீட்டார் பேச வந்தார்கள். பையனின் அப்பா செல்வம், அவருடைய அக்கா முத்தம்மா, அவ்வளவுதான். பையனின் அம்மா இல்லை, முத்தம்மாதான் வளர்த்திருக்கிறார். ஏலக்கூடத்தில் மீன் எடுத்து விற்கிறவர். சத்தமாகப் பேசிப் பழகிய அந்தத் தொண்டையை அன்றைக்கு அடக்கி வைத்திருந்தது தெரிந்தது. எழில்மொழி தண்ணீர் கொடுத்தபோது முத்தம்மா கைப்பையிலிருந்து தன்னுடைய பாட்டிலை எடுத்தார்.

"டாக்டரு சொல்லிக்கீறாரு. வேற தண்ணி ஒத்துக்காது."

அந்த டாக்டரை எனக்கும் தெரியும். அவர் பல ஊர்களில் பல நூற்றாண்டுகளாக இதே மருந்தைத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது. எழில்மொழி டம்ளரை எடுத்து, தானே குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

செல்வம் நல்ல மாதிரி. ஆனால் வந்ததிலிருந்து போகும்வரை அன்புமணியை "சார்" என்றே கூப்பிட்டார். வடசென்னையில் ஒரு லாரி டிரைவரை இன்னொரு டிரைவர் மாமு என்பான், நைனா என்பான், சண்டை வந்தால் வேறு என்னென்னவோ சொல்வான். சார் என்று சொன்னால் கிட்டே வராதே என்று பொருள். அன்புமணியும் விடவில்லை. அவரும் திருப்பி சார் என்றார். பேங்க் மேனேஜர்கள் இருவர் சம்பந்தம் பேசுவது போல இருந்தது.

சாதியைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைப் பேசாமலிருக்க மற்றதையெல்லாம் வேகமாகப் பேசி முடித்தார்கள். பஞ்சசீலம் சொல்லி, பெண்ணின் அப்பா கைபிடித்துக் கொடுத்து, அப்புறம் தாலி என்று முறையும் முடிவானது. கடைசியில் தேதி வந்தது.

"தடைக்குள்ள வச்சிக்கலாம் சார்" என்றார் செல்வம்.

"அதான் சார், தடைக்குள்ள வச்சிக்கலாம்" என்றார் அன்புமணி.

இரண்டு பேருக்கும் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. இரண்டு பேருக்கும் ஓய்வு அந்த இரண்டு மாதம்தான். இதைவிடப் பொருத்தம் ஜாதகம் பார்த்தாலும் அமையாது என்று நான்கூட நினைத்தேன். கை குலுக்கிக்கொண்டார்கள்.

பையன் வீட்டில் அச்சடித்த பத்திரிகை வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அன்புமணி தடைக்குள்ள என்றால் புத்த பௌர்ணமி என்று நினைத்திருந்தார். செல்வம் வைகாசியின் கடைசி முகூர்த்தத்தைக் குறித்திருந்தார். அதுவும் தடைக்குள்தான். அதிலும் படகுக்காரருக்கு, எஞ்சின் வேலை, வலை வேலை, பெயின்ட் வேலை எல்லாம் முடிந்து கை சும்மா இருக்கும் நாள்.

ஆனால் டேங்கர் டிரைவருக்குத் தடைக்காலம் தடை முடிகிற அன்றைக்கு முடிவதில்லை. கடல் திறந்த நிமிஷம் கிளம்ப வேண்டுமானால் படகுகள் அதற்கு முன்பே வயிறு நிரப்பியிருக்க வேண்டும். ஒரு படகு ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும். காசிமேட்டில் இருப்பது ஒரு படகு அல்ல. வைகாசிக் கடைசி வாரத்தில் அன்புமணி சாப்பிடுவதும் தூங்குவதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால்தான். வருஷத்திலேயே அதைவிட மோசமான வாரம் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியும் அதை வாய் திறந்து சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, ஊரே அறிந்த விஷயம் என்று நினைத்திருந்தார். ஊருக்கு டீசல் வருவது தெரியும், அதை யார் கொண்டு வருகிறார் என்பது தெரியாது.

மேத்யூவிடம் லீவு கேட்டார். மேத்யூ, "அன்பு, கடல் தெறந்தப்புறம் ஒரு மாசம் எடுத்துக்கோ, நானே கொடைக்கானலுக்கு அனுப்புறேன்" என்றார். கல்யாணத்தைக் கொடைக்கானலில் வைக்கவில்லை என்று அன்புமணி சொன்னார். டீசல் டேங்கர் ஓட்டப் பயிற்சி எடுத்துத் தனிச் சான்று வாங்கியிருக்க வேண்டும், வழியில் போகிறவனை ஏற்றிவிட முடியாது. அந்தச் சான்று இருந்த மாற்று டிரைவர் பகலவன், பெயின்ட் அடிக்க டேங்க் மேல் ஏறியவர், இறங்கும்போது ஏணியை உபயோகிக்கவில்லை. காலில் கட்டுடன் வீட்டில் படுத்திருந்தார். மற்ற பங்க் டிரைவர்களுக்கும் அதே வாரம், அதே ஓட்டம்.

"தேதிய மாத்த சொல்லுய்யா" என்றார் எழில்மொழி.

"எப்படி மாத்த சொல்றது? ஏற்கெனவே அந்தம்மா தண்ணி பாட்டில தூக்கிகினு வந்துச்சி. இப்ப தேதி ஒத்துவரலன்னு நாம சொன்னா, தேதிக்காகத்தான் சொல்றோம்னு நெனப்பாங்களா?"

அவர் சொன்னது சரிதான். அடுத்த முகூர்த்தத்துக்குள் கடல் திறந்துவிடும், மாப்பிள்ளையின் அப்பாவே கரையில் இருக்கமாட்டார். அதற்கப்புறம் ஆடி. அன்புமணி டீசலை நிறுத்தினாலும் வம்புதான். அன்றைக்கு லோடு வராவிட்டால் காத்துக் கிடப்பது மாப்பிள்ளையின் பெரியப்பா படகும் மாமன் படகும்தான். பெண் வீட்டுக்காரன் டீசலை நிறுத்தினான் என்று பேச்சு வரும்.

கடைசியில் அவரே ஒரு ஏற்பாடு செய்தார். முந்தின நாள் மண்டபத்தில் படுத்துவிட்டு, விடிவதற்குள் மகளைப் பார்த்து ஆசீர்வாதம் செய்துவிட்டு டெர்மினலுக்குக் கிளம்பிவிடுவது. கையைப் பிடித்துக் கொடுக்க அவருடைய தம்பி. தாலி ஏறும் நேரத்தில் இவர் டெர்மினல் வரிசையில் இருப்பார். உள்ளே போகும்போது போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், தீப்பொறிக்குப் பயந்து. அதனால் வீடியோவில்கூடப் பார்க்க முடியாது.

இதை யசோதராவிடம் சொன்னபோது அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தோம். "சரிப்பா" என்றாள். வாசலுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். "எங்க ஸ்கூல் ஆண்டு விழாக்கும் சித்தப்பாதான் வந்துச்சி" என்று என்னிடம் சொன்னாள். அவள் நிதிஷிடம் சொல்லியிருக்கிறாள். நிதிஷ் பெரிய ரகசியக்காரன் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். காலை லோடை இறக்கிவிட்டு அன்புமணி வீட்டுக்கு வந்திருந்தார். மண்டபத்துக்குப் போக வேன் கீழே நின்றது. எழில்மொழி வேனில் சீர்ப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் மாடிக்கும் வேனுக்குமாக நடந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அன்புமணி மறுநாள் டெர்மினலுக்குப் போட வேண்டிய காட்டன் சட்டையை மடித்துத் தனிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பட்டுச் சட்டையை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டுப் பெட்டியிலேயே வைத்தார். போன் அடித்தது. பங்க் சூப்பர்வைசர் பென்னி.

"அண்ணே, நாளைக்கி லோடு வேணாம். டெர்மினலுக்குப் போவாத."

"இன்னாடா சொல்ற?"

"ஹார்பர்ல நிறுத்திட்டாங்கண்ணே. நாளைக்கி ஒரு போட்டும் டீசல் புடிக்காதாம். இருக்கற டேங்க்கே ஃபுல்லா கீது, எங்க இறக்குவ? மொதலாளி கத்திகினு கீறாரு, நான் அப்புறம் பேசுறேன்." வைத்துவிட்டான்.

அன்புமணி அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். தடை முடியப்போகும் வாரத்தில் காசிமேட்டில் டீசல் நிற்பதென்றால் ஒரே அர்த்தம்தான். அந்த வாரம் எஞ்சின் ஓட்டிப் பார்க்கிறேன் என்று படகுகளைக் கொஞ்சம் வெளியே எடுத்துப் போய் வருவார்கள். செல்வமும் போவதாகச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையும் கூடப் போவேன் என்று அடம்பிடித்ததை யசோதரா சொல்லிச் சிரித்திருந்தாள். அன்புமணியின் விரல் போனில் பெயரைத் தேடியது. எந்தப் பெயரை அழுத்துவது என்று பயந்தது எனக்கே தெரிந்தது. என் கையில் குத்துவிளக்கு. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

செல்வத்தின் எண்ணுக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் எடுத்தார்.

"சார், நான் அன்பு. மாப்ள எங்க கீறாரு?"

"இங்கதான், முடி வெட்டிகினு கீறான். இன்னா சார்?"

அன்புமணி மூச்சை விட்டார். "ஹார்பர்ல நிறுத்திட்டாங்களாமே. யாரு சார் போய்ட்டாங்க? தெரிஞ்சவங்களா?"



"யாரும் போவல. எங்கக்கா காலைல லோடு எறங்கின கையோட பங்க்குல போயி சேரப் போட்டு குந்திகிச்சி. 'பொண்ணோட அப்பன் லாரில குந்திகினு கீறப்ப எவன்டா கை புடிச்சி குடுப்பான்? ஊரு இன்னா பேசும், நாமதான் அந்தாள வர வேணாம்னு சொன்னோம்னு பேசாது? நாளைக்கி எவன் கேனத் தூக்கிகினு வரான்னு நான் பாக்குறேன்'னு ஒரே கூச்சல். சங்கத்துல போயி சொன்னோம். சரி, நாளைக்கி ஒரு நாள் தடைன்னு அவங்களும் சொல்லிட்டாங்க. அடுத்த நாள்தான் உனுக்கு டபுள் லோடு, அத நீ பாத்துக்கோ." செல்வம் நிறுத்தினார். "கல்யாண வூட்டுக்குப் போனப் போட்டு யாரு செத்தாங்கன்னு கேக்கறியே, இன்னா சம்மந்தி நீ?"

அன்புமணி போனைக் கட்டிலில் வைத்தார். பெட்டியைத் திறந்து பட்டுச் சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது. இத்தனை வருஷமாக எதிர் வீட்டில் இருந்தும் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

கீழே வேன்காரன் ஹாரன் அடித்தான். விளக்கு இன்னும் வரவில்லையே என்று எழில்மொழி மூச்சிரைக்க மாடியேறி வந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாய்யா ஆச்சி? காசிமேட்டுல எதனா?"

அன்புமணி தலையை ஆட்டினார்.

"யாரும் சாவலையாம்" என்றார்.

"அதுக்கு இன்னாத்துக்குய்யா அழுவுற?"